ஒரு பழைய கார், இரண்டு பிராக்கெட், ஓர் எலுமிச்சம்பழம்

1

ஓர் எலுமிச்சம்பழத்துக்காக எனக்கு அரசாங்கக் கடிதம் வந்தது.

நியூசிலாந்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் ஒரு போலீஸ்காரர்கூட என்னை ஓரங்கட்டி நிறுத்தியதில்லை. நூலகப் புத்தகத்தைக் கெடு தேதிக்கு முந்தின நாளே திருப்பிக் கொடுத்துவிடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை எல்லைப் பாதுகாப்புத் துறையிலிருந்து கடிதம். இந்தியாவிலிருந்து உங்கள் பெயருக்கு வந்த பார்சலை நிறுத்தி வைத்திருக்கிறோம், உள்ளே இருந்தவை பின்வருமாறு என்று பட்டியல் போட்டிருந்தார்கள். இரும்புப் பாகம், இரண்டு. பழம், ஒன்று, வாடியது. இலைகள், சில. வெள்ளைத் தூள், இன்னதென்று தெரியவில்லை. சிவப்புத் தூள், இன்னதென்று தெரியவில்லை.

படித்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கன்னியப்பன் பூஜை போட்டு அனுப்பியிருக்கிறான்.

ஒரு பழத்துக்கு இவ்வளவா என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தோன்றும். இங்கே செருப்பில் ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவிவிட்டுத்தான் விமான நிலையத்தை விட்டு வெளியே விடுவார்கள். ஆடு, மாடு, ஆப்பிள், கிவி என்று இந்த நாடே மந்தையையும் தோட்டத்தையும் நம்பிப் பிழைக்கிறது. வெளியூர்ப் பூச்சி ஒன்று உள்ளே நுழைந்தால் போச்சு என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. ஏழு நாளுக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும்.

2

கன்னியப்பன் யார், அவன் எதற்கு எனக்கு இரும்பு அனுப்புகிறான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வளர்ந்தது ஆவடியில். அப்பா டேங்க் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் வீடு. எங்கள் வரிசையில் தென்காசிக்காரர், சேலத்துக்காரர், தஞ்சாவூர்க்காரர் என்று தமிழ்நாட்டையே கலக்கிவைத்திருந்தார்கள். கன்னியப்பன் பக்கத்து ஊரான அண்ணனூர்க்காரன். அவன் வீட்டில் எல்லோரும் கழனி வேலைக்குப் போனவர்கள். கழனியெல்லாம் மனைகளானபோது இவன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான். அங்கேதான் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் குவார்ட்டர்ஸ் பையன் என்பதால் முதல் நாளே எனக்கு ‘கோட்ரஸ்’ என்று பேர் வைத்துவிட்டான். ஐம்பது வயதிலும் நான் அவனுக்கு கோட்ரஸ்தான்.

பிறகு இருவருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் வேலை. காலையில் நான் ஏறுகிற ரயிலிலேயே அடுத்த ஸ்டேஷனில் அவன் ஏறுவான், பட்டரவாக்கத்தில் இறங்கி நடப்போம். அந்தப் பட்டறையில் டிரில் பிட் விற்கிறவர்கள் கொடுத்த காலண்டர் ஒன்று தொங்கியது. ஒரு மாதத்தில் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் படம். நீளமான பானெட், இரண்டே கதவு, ஆரஞ்சு நிறம். மாதம் முடிந்தும் கன்னியப்பன் அந்தத் தாளைக் கிழிக்க விடவில்லை. வருடம் முடிந்ததும் தனியாக வெட்டித் தன் லேத்துக்கு மேலே ஒட்டினான்.

“மாமே, ஒரு நாளு நாம ரெண்டு பேரும் இத்த ஓட்றோம்,” என்பான். பஸ்ஸுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்த காலத்தில் இப்படிப் பேசுவதற்கு ஒரு தனித் தெம்பு வேண்டும்.

எனக்கு இங்கே வர வழி கிடைத்தது, வந்துவிட்டேன். அவன் அம்பத்தூரிலேயே சொந்தமாக ஒரு பட்டறை போட்டான். இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின். பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கிற ஜாப் ஒர்க். பார்த்துப் பார்த்துச் செய்வான். கம்பெனி அதைத் தன் முத்திரை குத்தி விற்றுவிடும். சாலையில் ஓடுகிற எத்தனையோ வண்டிக்குள் அவன் கைவேலை இருக்கிறது, அவன் பெயர் எதிலும் இல்லை.

3

மூன்று வருடத்துக்கு முன்னால் ஹாமில்டன் பக்கத்தில் ஒரு பண்ணையில் அந்தக் காரைக் கண்டேன். காலண்டரில் பார்த்த அதே மாடல். வைக்கோல் போருக்குப் பின்னால், நான்கு டயரும் தட்டையாகிக் கிடந்தது, பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தக் காரைப் பற்றித் தெரிந்தவர்கள் எனக்குக் கடிதம் எழுதியே கொன்றுவிடுவார்கள்.

நான் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். நாலரைக்கு வீடு திரும்பினால் நேராக கராஜ்தான். கார் எல்லாத் திருகும் கழன்று தரையில் கிடந்தது. துருப்பிடித்த தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தேன். பழைய இன்ஜின் தேறவில்லை. அதே கம்பெனியின் பின்னாள் இன்ஜின் ஒன்றைப் பொருத்தினேன், அது பழையதைவிட நல்ல வலு. வலுவைக் கூட்டினால் பிரேக்கையும் கூட்ட வேண்டும். பின் சக்கரத்தில் இருந்த டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போட முடிவு செய்தேன். அதைப் பழைய அச்சில் பிடித்து நிறுத்த இரண்டு பிராக்கெட் தேவை. ஆஸ்திரேலியாவில் ரெடிமேடாகக் கிடைக்கும். எனக்குத்தான் புத்தி அம்பத்தூருக்குப் போனது.

கன்னியப்பனோடு போனில் பேசுவதென்றால் கத்த வேண்டும். பேசும்போது அவன் மெஷினை நிறுத்தியதே கிடையாது. “நிறுத்துனா சூடு ஆறி அளவு மாறிடும் மாமே” என்பான். இருபத்திரண்டு வருடமாக அந்த லேத் சத்தத்துக்கு மேலேதான் கல்யாணச் செய்தியும் சாவுச் செய்தியும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

“இன்னா கோட்ரஸ், நம்ம காலண்டர் காரா? மெய்யாலுமா?”

“ஆமாண்டா. பிராக்கெட் டிராயிங் வாட்ஸப்ல அனுப்புறேன்.”

“டிராயிங் அனுப்பு. அதோட அட்டைல வெட்டியும் ஒண்ணு போஸ்ட்ல அனுப்பு. கைல வச்சிப் பாக்காம எனுக்கு ஒடம்பு ஒத்துக்காது.”

காலை உணவு டப்பா அட்டையில் அளவாக வெட்டி அனுப்பினேன். கிடைத்த அன்றே கூப்பிட்டான். “இன்னாடா இது, சோளப் பொரி வாசன அடிக்கிது?” என்று சிரித்தான். ஒரு மாதத்தில் பிராக்கெட் தயார், பார்சல் போட்டாச்சு என்றான்.

எங்கள் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. புது வேலை ஒன்றின் முதல் பீஸ் மெஷினை விட்டு இறங்கியதும் துடைத்து, விபூதி குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தோடு சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். அனுப்பும்போது பழமும் பெட்டிக்குள் போகும். நானே அப்படி எத்தனையோ பெட்டி கட்டியிருக்கிறேன். ஆகவே கன்னியப்பனிடம் “பழம் கிழம் வைக்காதே” என்று சொல்லியிருக்க வேண்டியது நான். சுத்தமாக மறந்துபோனேன். அவன் மறக்கவில்லை, வேப்பிலையும் சேர்த்து வைத்திருக்கிறான்.

4

படிவத்தில் மூன்று கேள்வி. அனுப்பியவர் உங்களுக்கு யார்? பழத்தை அனுப்பச் சொன்னது நீங்களா? பழம் எதற்காக?

உண்மையான பதில் மூன்று வரிதான். நண்பன். நான் சொல்லவில்லை, ஆனால் வைக்காதே என்றும் சொல்லவில்லை. வண்டி நல்லபடி ஓட வேண்டும் என்பதற்காக. இதை எழுத எனக்குக் கை வரவில்லை. நண்பன் என்று எழுதினால் இருவரும் சேர்ந்து செய்தது என்று நினைப்பார்களோ? பழம் எதற்கென்று தெரியும் என்றால் தெரிந்தே வரவழைத்தது ஆகிவிடுமோ? சிவப்புத் தூள், வெள்ளைத் தூள் என்று வேறு எழுதியிருக்கிறார்கள். எத்தனை வருடம் ஆனாலும் அரசாங்க முத்திரை போட்ட தாள் என்றால் எழுந்து நின்றுதான் படிக்கிறேன். பாஸ்போர்ட் இருக்கிறது, வீடு இருக்கிறது. ஆனாலும் யாரோ வந்து “கிளம்பு” என்று சொல்லிவிடுவார்கள் என்கிற நினைப்பு போவதில்லை.

கடைசியில் நான் எழுதியது இது. அனுப்பியவர்: வியாபாரத் தொடர்பு மட்டும், ஒரு சப்ளையர். பழம்: நான் கேட்கவில்லை. எதற்காக: எனக்குத் தெரியாது. கீழே, மேற்கண்டவை உண்மை என்று கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாளில் பிராக்கெட் வந்தது. பழத்தையும் இலையையும் எரித்துவிட்டதாக ஒரு சீட்டு. இரும்பைக் கழுவி பிளாஸ்டிக் பையில் போட்டிருந்தார்கள். மூக்கில் வைத்துப் பார்த்தேன், மருந்து வாசனைதான் வந்தது. அன்றைக்கே பொருத்தினேன். ஆறு போல்ட்டும் கையாலேயே உள்ளே போயின, சுத்தியலுக்கு வேலையே இல்லை.

“உக்காந்துச்சா?” என்றான் கன்னியப்பன், லேத் சத்தத்துக்கு மேலே.

“கச்சிதமா உக்காந்துடுச்சுடா.”

“லெமன் கெட்டுப்பூடாம வந்துச்சா? அத்த டயர்ல வச்சி நசுக்கிட்டு அப்பால வண்டிய எடு.”

“வச்சிக்கிறேன்டா,” என்றேன்.

5

இந்த நாட்டில் காரில் நம் இஷ்டத்துக்குக் கை வைக்கலாம், ஆனால் சான்று வாங்காமல் சாலையில் ஏற்ற முடியாது. அதற்கென்று அனுமதி பெற்ற பரிசோதகர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக்கு கிரகாம். எழுபதை நெருங்கியவர், முழங்காலில் துணி கட்டிக்கொண்டு காருக்கு அடியில் போனாரென்றால் அரை மணிக்கு வெளியே வர மாட்டார். சண்முகம் என்ற என் பெயரை ஷான் ஆக்கியவர்களில் அவரும் ஒருவர்.

இன்ஜினைப் பார்த்தார், பற்றவைத்த இடங்களைத் தட்டிப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பின் சக்கரத்தில் நின்றுவிட்டார்.

“ஷான், இந்த பிராக்கெட் யார் செய்தது?”

“இந்தியாவில் ஒரு சப்ளையர்.”

“பெயர் என்ன?”

நான் குனிந்து ஜாக்கைச் சரிசெய்தேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். “கடைச் சரக்கு என்றால் அதில் ஓர் எண் இருக்கும். கையால் செய்தது என்றால் செய்த ஆள் இருப்பார். இரண்டுமே இல்லை என்றால் பிரேக் விஷயத்தில் நான் கையெழுத்துப் போட முடியாது. செய்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும், நான் சோதித்துப் பார்க்கிறேன். இல்லாவிட்டால் கழற்றிவிட்டு வேறு வாங்கிப் போடு.”

கன்னியப்பன் பெயரும் விலாசமும் போட்ட கடிதம் ஒன்று அரசாங்கக் கோப்புக்குப் போனால், சப்ளையர், தெரியாது என்று நான் எழுதிய படிவத்தின் கதி என்ன? அன்று மாலை கணினி முன் உட்கார்ந்து ஆஸ்திரேலிய பிராக்கெட்டைத் தேடி எடுத்துவிட்டேன். ஒரு சொடுக்குதான் பாக்கி.

என் மகள் அனு வெலிங்டனில் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். என்னிடமும் என் மனைவி செல்வியிடமும் ஆங்கிலம்தான். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள், அப்படியே பழகிவிட்டது. அவள் தமிழ் பேசுகிற ஒரே ஆள் கன்னியப்பன். பன்னிரண்டு வயதில் ஊருக்குப் போயிருந்தபோது தினமும் மொபெட்டில் பட்டறைக்குக் கூட்டிப் போய் லேத் கைப்பிடியைச் சுற்றவிட்டான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் இரண்டு பேரும் ஊர்க்கதை பேசுவார்கள். அதனால் அவள் தமிழ் முழுக்க அண்ணனூர்த் தமிழ். “பிள்ளை பேசுறதைக் கேட்டீங்களா, கீது கீதுங்குது” என்று செல்வி தலையில் அடித்துக்கொள்வாள்.

மேசையில் இருந்த படிவ நகலை அனு எடுத்துப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

“அப்பா, சப்ளையர் என்று எழுதியிருக்கிறீர்களே, கன்னியப்பன் மாமாவையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“அது வேற விஷயம்மா. ஆபீஸ் சமாச்சாரம்.”

படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு தமிழில் கேட்டாள். “இன்னாப்பா இது? மாமா யாருன்னு ஒனக்குத் தெரியாதா?”

எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

6

உடனே அவனைக் கூப்பிட்டேன். அங்கே பகல் பதினொன்று இருக்கும். லேத் ஓடிக்கொண்டிருந்தது. பழத்தை எரித்ததைச் சொன்னேன், டயரில் வைக்கிறேன் என்று பொய் சொன்னதைச் சொன்னேன்.

“அடச்சே, ஒரு லெமனுக்காடா இவ்ளோ அக்கப்போரு? கொளுத்துனா கொளுத்திக்கட்டும். வேப்பெல வாட அவனுங்களுக்கும் நல்லதுதான்,” என்று சிரித்தான். அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் கேட்டுவிட்டான். “அனுப்சது யாருன்னு கேட்டிருப்பானுங்களே. இன்னான்னு சொன்ன?”

“சப்ளையர்னு எழுதிட்டேன்டா. தெரியாதவன் மாதிரி எழுதிட்டேன்.”

லேத் மட்டும் ஓடியது. இரும்பை இன்னும் ஆழமாகச் சீவுகிற சத்தம் கேட்டது.

“சரி வுடு மாமே,” என்றான் கடைசியில். “முப்பது வருசமா எல்லாரும் அப்டித்தான எழுதறாங்க.”

கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் கோபப்படவில்லை. போனை வைத்த பிறகு கராஜில் ஸ்டூல் போட்டு அந்த பிராக்கெட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி எழுதிய அத்தனை கம்பெனிகளையும் அவன் பொறுத்துக்கொண்டான், நானும் அந்த வரிசையில் போய் நின்றுவிட்டேனே என்று நெஞ்சு வலித்தது.

மறுநாள் எல்லைத் துறைக்குக் கடிதம் எழுதினேன். நான் முன்பு எழுதியது தவறு. அனுப்பியவர் என் முப்பது வருட நண்பர். பழம் எதற்கென்று எனக்கு நன்றாகத் தெரியும். அனுப்பக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். இப்படி எழுதி, பயந்துகொண்டேதான் அனுப்பினேன். பிறகு கன்னியப்பனைக் கூப்பிட்டு, செய்தவன் என்கிற முறையில் ஒரு கடிதம் வேண்டும் என்றேன்.

“எனுக்கு இங்கிலீசு வராதே.”

“தமிழ்ல எழுது. அனு மாத்திக் கொடுப்பா.”

“எம் பேரப் போட்டா ஒனக்கு ஒண்ணும் தகராறு வராதில்ல?”

“வந்தா வரட்டும், எழுதுடா.”

நோட்டுப் புத்தகத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். அப்படியே தருகிறேன்.

“அய்யா, வணக்கம். என் பெயர் மு. கன்னியப்பன். வீடு அண்ணனூர். பட்டறை அம்பத்தூர். இந்த பிராக்கெட் இரண்டும் நான் செய்தது. இ.என். எட்டு இரும்பு, பன்னிரண்டு மில்லி கனம். ஆறு ஓட்டையும் ஒரே பிடியில் போட்டேன், நடுவில் கழற்றி மாட்டவில்லை. ஓரத்தை அரம் வைத்துக் கையால் மழுக்கினேன். இதில் ஏதும் தப்பு இருந்தால் என்னைத்தான் கேட்க வேண்டும், சண்முகத்தைக் கேட்கக் கூடாது. எலுமிச்சம்பழம் வைத்ததும் நான்தான். உங்கள் நாட்டில் அது கூடாது என்று எனக்குத் தெரியாது. மன்னிக்கவும். இப்படிக்கு, கன்னியப்பன்.”

அனு எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து மாற்றினாள். ‘மழுக்கினேன்’ என்பதற்கு மட்டும் என்னிடம் கேட்டாள். ‘ஒரே பிடியில்’ என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. பட்டறையில் மாமா சொல்லிக் கேட்டிருக்கிறாளாம்.

எல்லைத் துறையிலிருந்து இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. திருத்தியதற்கு நன்றி, கோப்பில் சேர்த்துக்கொண்டோம், இனி பழம் அனுப்ப வேண்டாம் என்று உங்கள் நண்பருக்குச் சொல்லவும். அவ்வளவுதான். இதற்குத்தான் நான் அவனை யாரென்றே தெரியாது என்று எழுதியிருக்கிறேன்.

7

கிரகாம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அனுவின் மொழிபெயர்ப்பை நின்றபடியே படித்தார். படித்துவிட்டு பிராக்கெட்டைக் கழற்றச் சொன்னார். ஓட்டைகளை ஒவ்வொன்றாக அளந்தார். ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துத் தனக்குள் ஏதோ முனகினார். திரும்ப மாட்டி, ஆளில்லாத சாலையில் ஓட்டி நான்கு முறை அமுக்கிப் பிரேக் போட்டுப் பார்த்தார்.

இங்கே என்னென்ன மாற்றம் செய்தோம் என்பதை ஓர் அலுமினியத் தகட்டில் பொறித்து காருக்குள் அடித்துவிடுவார்கள். கார் இருக்கும்வரை அது இருக்கும். போன சனிக்கிழமை கிரகாம் தகட்டோடு வந்தார். கையால் செய்த பாகம் என்றால் செய்தவர் பெயரையும் போடுவது தன் வழக்கம் என்று சொல்லிவிட்டு, ரிவெட் அடித்து, தேநீர் குடித்துப் போனார்.

பக்கத்து வீட்டு மரத்தில் எலுமிச்சை காய்த்துத் தொங்குகிறது. அனு கேட்டு வாங்கி வந்து நான்கு டயருக்கும் ஒவ்வொன்று வைத்தாள். செல்வி சூடம் ஏற்றிக் காட்டினாள். சனிக்கிழமையும் கன்னியப்பன் பட்டறையில்தான் இருந்தான். வீடியோவில் கூப்பிட்டு போனை அனு கையில் கொடுத்தேன். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து மெதுவாக எடுத்தேன். பழம் நான்கும் நசுங்கின. வாசலைத் தாண்டி சாலைக்கு வந்தது வண்டி. ஆரஞ்சு நிறம், காலண்டரில் இருந்த அதே ஆரஞ்சு.

“சூப்பரா கீது மாமே!” என்று லேத் சத்தத்துக்கு மேலே கத்தினான். “பாப்பா, டயராண்ட காட்டு. ஆங், நசுங்கிச்சு, நசுங்கிச்சு.”

அனு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனைத் தகட்டுப் பக்கம் திருப்பினாள்.

“இன்னா தகுடு அது?”

“வண்டியில என்னென்ன மாத்தியிருக்கோம்னு போட்டிருக்காங்கடா. படிக்கிறேன் கேளு. இன்ஜின் மாற்றம். பின் சக்கரம், டிஸ்க் பிரேக். பிராக்கெட் தயாரித்தவர்...” அடுத்த எழுத்துகளை விரலால் தடவினேன். அனு என் கையைத் தட்டிவிட்டு அவளே படித்தாள். “பிராக்கெட் தயாரித்தவர், மு. கன்னியப்பன், அம்பத்தூர்.”

“இன்னா? இன்னா சொன்ன பாப்பா? கேக்கல.”

“ஒங்க பேரு மாமா. ஒங்க பேர அடிச்சிருக்காங்க.”

“இரு,” என்றான். “இரு, இரு.”

போனைப் பெஞ்சில் வைத்தான் போலிருக்கிறது. கூரை தெரிந்தது. சுவிட்ச் தட்டுகிற சத்தம். லேத் இறங்கி, இறங்கி, நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்தப் பட்டறையை நான் சத்தமில்லாமல் கேட்டேன். ஒரு மின்விசிறி சுற்றியது. தூரத்தில் ரயில் ஒன்று போனது.

“ஆங், இப்போ சொல்லு,” என்றான் கன்னியப்பன். “இன்னொரு தபா படி.”